சாப்பாட்டுக்குப் பதில் ஒரு பார் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலத்தில் ஜிம் பைக்குள் மட்டும் கிடந்த பார் (உறையில் வரும் சத்துக் கட்டி), இப்போது மருந்துக்கடை கல்லாவுக்குப் பக்கத்திலும் பெட்ரோல் பங்க் கடையிலும் கிடைக்கிறது. ஆப்பில் ஆர்டர் போட்டால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. காலை டிபனுக்கு நேரமில்லாதவர்கள், எடை குறைக்க நினைப்பவர்கள், ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் என்று பலரும் அதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

புரோட்டீன் பார், எனர்ஜி பார், மீல் ரீப்ளேஸ்மென்ட் பார்: எல்லாம் ஒன்றுதானே?

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு வேறு வேலைக்காகச் செய்தவை. எனர்ஜி பார் ஓடுகிறவருக்கும் சைக்கிள் மிதிக்கிறவருக்கும். அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும், இருக்கவும் வேண்டும். புரோட்டீன் பாரில் புரதம் பொதுவாக 10 முதல் 20 கிராம். கிரானோலா, மல்டிகிரெய்ன் என்று வருபவை ஓட்ஸையும் கொட்டைகளையும் தேனிலோ சிரப்பிலோ ஒட்டவைத்த நொறுக்குத்தீனி. ஒரு வேளைச் சாப்பாட்டையே விட்டுவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டுச் செய்வதுதான் மீல் ரீப்ளேஸ்மென்ட்.

அந்தக் கணக்குக்கு ஓர் அளவுகோல் உண்டு. உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம், எடைக் குறைப்பு உணவுகளுக்கு 1991-இல் ஒரு தரம் வகுத்தது. ஒரு வேளைக்குப் பதிலாக வரும் உணவில் 200-லிருந்து 400 கலோரி வரை இருக்க வேண்டும். அதில் 25 முதல் 50 சதவீதம் புரதத்திலிருந்து வர வேண்டும். கொழுப்பின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதோடு வைட்டமின்களும் தாதுக்களும் குறிப்பிட்ட அளவு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறார்: எடை பற்றி லேபிளில் ஏதாவது சொல்ல வேண்டுமானால் ஒரு வேளைக்கு 200-லிருந்து 250 கலோரிக்குள் நிற்க வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் நம் கடைகளில் காலை உணவு என்று படம் போட்டு விற்கும் பார்களில் பலவும் தேறாது. அவை மோசமானவை என்று சொல்லவில்லை. அவை டீயோடு சாப்பிடுகிற பண்டம், டிபன் அல்ல.

என் கையில் இருக்கும் பார் தேறுமா தேறாதா என்று நானே பார்ப்பது எப்படி?

நாலாம் வகுப்புக் கணக்குதான். ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. இது போதும்.

ஓர் உதாரணம். 60 கிராம் பார், 225 கலோரி, புரதம் 20 கிராம், கொழுப்பு 8 கிராம். புரதம் 20 பெருக்கல் 4, அதாவது 80 கலோரி. 225-இல் 80 என்றால் 35 சதவீதத்துக்கு மேல். நல்லது. கொழுப்பு 8 பெருக்கல் 9, அதாவது 72. இது 32 சதவீதம். விதிப்படி கொஞ்சம் கூடுதல், ஆனால் நான் இதைப் பெரிதுபடுத்த மாட்டேன். நிலக்கடலையும் பாதாமும் போட்ட பார் எதுவுமே அந்த 30 சதவீதத்துக்குள் அடங்குவது கஷ்டம். கொட்டைக் கொழுப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று: 38 கிராம் மல்டிகிரெய்ன் பார், 150 கலோரி, புரதம் 4 கிராம், சர்க்கரை 9 கிராம். புரதத்திலிருந்து வருவது 16 கலோரி, பத்து சதவீதம்தான். கலோரியே 200-ஐத் தொடவில்லை. இதைச் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை தாக்குப்பிடிக்க நினைத்தால் பதினோரு மணிக்குக் கேன்டீனில் சமோசா முன்னால் நிற்பீர்கள்.

ஒரு தந்திரத்தையும் கவனியுங்கள். சில உறைகளில் ஊட்டச்சத்து அட்டவணை 100 கிராமுக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் என்று படித்து மகிழ்ந்துபோவோம். கையில் இருப்பது 40 கிராம் பாராக இருக்கும். அப்படியென்றால் கிடைப்பது 10 கிராம்.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது யார்?

ராணுவம் என்றுதான் சொல்ல வேண்டும். 1937-இல் அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் பால் லோகன், ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்திடம் போய், அவசர காலத்தில் வீரர்கள் சாப்பிட ஒரு கட்டி செய்து தரக் கேட்டார். எடை நாலு அவுன்ஸ், சக்தி நிறைய, வெயிலில் உருகக் கூடாது. நாலாவது நிபந்தனைதான் விசேஷம்: வேகவைத்த உருளைக்கிழங்கை விடக் கொஞ்சம் நன்றாக இருந்தால் போதும். ருசியாக இருந்தால் பையன்கள் அவசரம் வரும்வரை காத்திருக்காமல் தின்று தீர்த்துவிடுவார்கள் என்ற பயம். சாக்லேட், சர்க்கரை, பால் பவுடர், ஓட்ஸ் மாவு எல்லாம் சேர்ந்து 600 கலோரி. டி ரேஷன் என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் அது போனது. இன்றைக்குப் பார் செய்கிறவர்கள் அந்த நாலாவது நிபந்தனையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். டெசர்ட் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது போட்டியே.

அடுத்தது எடைக் குறைப்புக்காரர்கள். 1959-இல் மீட் ஜான்சன் நிறுவனம் மெட்ரெகால் என்ற பவுடரைக் கொண்டுவந்தது. ஒரு நாள் முழுவதற்கும் 900 கலோரி. நோயாளிகளுக்கான உணவு தயாரித்த அனுபவத்தில் பிறந்தது, அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. பிறகு ஸ்லிம்ஃபாஸ்ட் 1977-இல் வந்தது. 1960-களின் இறுதியில் விண்வெளி வீரர்களுக்காக யோசித்ததைப் பில்ஸ்பரி நிறுவனம் ஸ்பேஸ் ஃபுட் ஸ்டிக்ஸ் என்று கடைக்குக் கொண்டுவந்தது.

மூன்றாவதாக ஓட்டக்காரர்கள். கனடாவைச் சேர்ந்த மாரத்தான் வீரர் பிரையன் மேக்ஸ்வெல் 1983-இல் ஒரு பந்தயத்தின் கடைசிப் பகுதியில் சக்தி தீர்ந்து பின்தங்கிப்போனார். வயிற்றைக் கெடுக்காமல் ஓட்டத்துக்கு நடுவில் சாப்பிட ஒன்று வேண்டும் என்று வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்த முயற்சி, 1986-இல் பவர்பார் ஆனது. 2000-இல் நெஸ்லே அதை 37.5 கோடி டாலருக்கு வாங்கியது. சைக்கிள் ஓட்டிய கேரி எரிக்சன் 1992-இல் ஆரம்பித்த கிளிஃப் பாரை 2022-இல் மாண்டலீஸ் வாங்கியபோது விலை 290 கோடி டாலர்.

இந்தியாவில் திடீரென்று எப்படி இத்தனை பிராண்டுகள்?

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் தெரியும். பெங்களூரில் பிறந்த யோகா பாரை வாங்குவதாக 2023-இல் ஐ.டி.சி. அறிவித்தது. மேக்ஸ் புரோட்டீன் பார் தயாரிக்கும் நேச்சுரெல் நிறுவனத்தை 2024-இல் சைடஸ் வெல்னஸ் 390 கோடி ரூபாய்க்கு எடுத்தது. சிகரெட்டும் பிஸ்கட்டும் விற்கிறவர்கள், மருந்து விற்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாம் இதற்குள் வருகிறார்கள் என்றால் இது ஜிம்காரர்களின் சமாசாரம் என்ற நிலை போய்விட்டது.

கேட்கும் ஆட்கள் மாறியதும் ஒரு காரணம். சென்னை ஓ.எம்.ஆர். போன்ற இடங்களில் ஐ.டி. வேலைக்குப் போகிறவர் காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறார். வீட்டில் இட்லி ஊற்றி வைக்க ஆள் இல்லை, அல்லது வைத்தாலும் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. அப்புறம் புரோட்டீன் என்ற வார்த்தையே ஒரு மோகமாகிவிட்டது. பத்து வருடத்துக்கு முன் கொலஸ்ட்ரால் இல்லை என்று எழுதிச் சமையல் எண்ணெய் விற்றார்கள். இன்று எதன்மேலும் புரோட்டீன் என்று எழுதினால் விலையைக் கூட்டலாம்.

அந்த மோகத்துக்குக் கொஞ்சம் நியாயமும் உண்டு. நம் தட்டில் சோறு மலைபோலவும் பருப்பு ஓரமாகவும்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். சாம்பார், ரசம், மோர் என்று மட்டும் ஓட்டும் வீட்டில் இந்த அளவைத் தொடுவது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் அதற்கு வழி பார் மட்டும் என்று விளம்பரம்தான் சொல்கிறது.

ஒரு பாரும் நாலு இட்லி சாம்பாரும் சமமா?

கலோரியில் இட்லித் தட்டுதான் கூடுதல். நாலு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், கொஞ்சம் தேங்காய்ச் சட்னி என்றால் தோராயமாக 350-லிருந்து 400 கலோரி, 12 கிராம் போலப் புரதம். நல்ல புரோட்டீன் பார் 225 கலோரியில் 20 கிராம் தருகிறது. புரதத்தை மட்டும் பார்த்தால் பார்தான் ஜெயிக்கும். இதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

எடை போட்டுப் பாருங்கள், அப்போது வேறு கதை. அந்த இட்லித் தட்டு 300 கிராமைத் தாண்டும், பார் 60 கிராம். வித்தியாசம் பெரும்பாலும் தண்ணீர்தான், ஆனால் வயிறு நிறைந்தது என்று மூளைக்குத் தகவல் போவதில் அந்தத் தண்ணீருக்கும் கன அளவுக்கும் பங்கு உண்டு. சாம்பாரில் போட்ட முருங்கைக்காய், தக்காளி, கத்தரிக்காய் வழியாக வரும் பொட்டாசியமும் நார்ச்சத்தும் தாவர வேதிப்பொருட்களும் பாரில் அதே அளவுக்குக் கிடையாது. வைட்டமின் சேர்த்த பார் என்றால் பி12, டி, இரும்பு போன்றவை கிடைக்கும். சேர்க்காத பார் என்றால் அதுவும் இல்லை. லேபிளில் வைட்டமின் பெயர் ஒன்றுகூட இல்லாத பாரை ஒரு வேளைச் சாப்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பார் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறதே?

இரண்டு நிமிடத்தில் நின்றுகொண்டே விழுங்கினால் பசிக்கத்தான் செய்யும். பாரில் தண்ணீர் மிகக் குறைவு. கெடாமல் மாதக்கணக்கில் இருப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதனால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோ மோரோ சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ இருந்தால் கன அளவும் கிடைக்கும், பாரில் இல்லாத சத்தும் கிடைக்கும். மென்று சாப்பிடுங்கள். இதைச் செய்தும் பசிக்கிறது என்றால் அந்தப் பாரில் புரதமும் நாரும் போதவில்லை என்று அர்த்தம்.

20 கிராம் புரோட்டீன் என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா?

அளவை நம்பலாம், ஆனால் எதிலிருந்து வந்த புரதம் என்று கேட்க வேண்டும். இது பலர் தவறவிடும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் கூட்டம். அதில் ஒன்பதை உடம்பு தானே செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். மோர்ப்புரதம் எனப்படும் வே, பாலிலிருந்து வரும் கேசின், சோயா ஆகியவற்றில் ஒன்பதும் போதிய அளவில் உள்ளன. கோதுமைப் புரதமான குளூட்டனில் லைசின் குறைவு. கொலாஜன், ஜெலட்டின் இரண்டிலும் டிரிப்டோஃபேன் என்பது சுத்தமாக இல்லை. புரதத்தின் தரத்தை மதிப்பிடும் முறையில் கொலாஜனுக்குத் தனியாகப் பார்த்தால் மதிப்பெண் பூஜ்யம். ஆனால் லேபிளில் கிராம் கணக்குப் போடும்போது கொலாஜனும் புரதம்தான். வெளிநாட்டுப் பார்களில், முகப்பொலிவுக்கு என்று விற்பவற்றில், அளவை ஏற்றிக்காட்ட இது நன்றாக உதவுகிறது.

இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கொலாஜனைக் கரைத்துச் செய்த திரவப் புரதத்தை மட்டுமே குடித்து எடை குறைக்கும் மோகம் பரவியது. இதயத் துடிப்புக் கோளாறால் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. மட்டமான புரதமும் தாதுக்கள் போதாமையும் பட்டினிக்கு நிகரான கலோரியும் சேர்ந்த விளைவு அது. மாற்று உணவுகளில் வைட்டமின், தாது, புரதத் தரம் என்று இன்று இவ்வளவு நிபந்தனைகள் இருப்பதை அந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம், உறையின் முன்பக்கத்தில் இருக்கும் புரதம் நிறைந்தது என்ற வாசகம். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி 100 கிராமில் தினசரி பரிந்துரையில் 20 சதவீதம் இருந்தாலே திட உணவுக்கு அப்படி எழுதலாம். 54 கிராமில் 20 சதவீதம் சுமார் 11 கிராம். 40 கிராம் பாரில் அது நாலரை கிராமுக்கும் கீழே. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. விதிக்குள்தான் விற்கிறார்கள், பொய் இல்லை. ஆனால் அந்த வாசகத்தைப் படித்து நாம் மனதில் நினைக்கும் அளவு வேறு.

சர்க்கரையே சேர்க்கவில்லை என்கிறார்கள். அப்புறம் எப்படி இவ்வளவு இனிப்பு?

இரண்டு வழி. ஒன்று பேரீச்சம்பழம். உலர்ந்த பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். பழத்தோடு நாரும் தாதுக்களும் வருகின்றன என்பதால் வெள்ளைச் சர்க்கரையை விட மேல். அதற்காகச் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. மொத்தச் சர்க்கரை என்ற வரியைப் பாருங்கள், அதில் பேரீச்சையின் சர்க்கரையும் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது வழி மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், போதை தராது. சர்க்கரையைப் போலவே இனிக்கும், பாருக்குப் பதமும் தரும். கலோரி சர்க்கரையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் இவை குடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது. விளைவு: வாயு, வயிற்று உப்புசம், அளவு கூடினால் பேதி. பேதியாகலாம் என்ற எச்சரிக்கை உறையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். முதல் தடவை வாங்குகிறவர்கள் முக்கியமான மீட்டிங் நாளன்று பரீட்சித்துப் பார்க்காமல் இருப்பது நல்லது. பாதி பாரில் ஆரம்பியுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் ஒரு எச்சரிக்கை: இதே வகையைச் சேர்ந்த சைலிட்டால் கலந்த எதையும் அதற்கு எட்டாமல் வையுங்கள். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு நாய்க்கு உயிராபத்து.

10 கிராம் நார்ச்சத்து என்று இருந்தால் காய்கறி சாப்பிட வேண்டாமா?

வேண்டும். பாரில் இருப்பது பெரும்பாலும் சிக்கரி வேரிலிருந்து எடுத்த இன்யூலின், சோள நார் போன்ற பிரித்தெடுத்த நார். குடல் பாக்டீரியாவுக்கு நல்லதுதான், ஆனால் அவரைக்காயும் கீரையும் செய்கிற எல்லா வேலையையும் அது செய்யாது. ஒரு காலத்தில் ஐ.எம்.ஓ. என்ற சிரப்பையும் நார் என்று கணக்குக் காட்டினார்கள். அதில் நல்ல பகுதி ஜீரணமாகிச் சர்க்கரையாகிறது என்று ஆய்வுகளில் தெரியவந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து ஆணையமான எஃப்.டி.ஏ. 2018-இல் ஏற்ற நார்களின் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. உங்கள் பாரில் ஐசோமால்டோ ஆலிகோசாக்கரைடு என்று நீளமாக ஒரு பெயர் இருந்தால் அதுதான் இது.

எடை குறைய உதவுமா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

உதவும், ஒரு நிபந்தனையோடு: அது சாப்பாட்டுக்குப் பதிலாக இருக்க வேண்டும், சாப்பாட்டோடு சேர்ந்து இருக்கக் கூடாது. மூன்று வேளையும் வழக்கம்போலச் சாப்பிட்டு, நாலு மணிக்கு ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று ஒரு பார் தின்றால் 225 கலோரி கூடும், அவ்வளவுதான்.

மாற்று உணவு எடையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. டைப் 2 சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ள 5,145 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த லுக் அஹெட் ஆய்வில், தீவிரப் பயிற்சிக் குழுவினருக்கு ஷேக்கும் பாரும் கொடுத்தார்கள். முதல் வருடத்தில் அவற்றை அதிகம் பயன்படுத்தியவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் இருவரும் நடத்திய டைரக்ட் ஆய்வில் மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்கு 850 கலோரி போல மாற்று உணவு மட்டுமே தந்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் சர்க்கரை நோயின் வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் அது 36 சதவீதமாகக் குறைந்தது.

இந்த எண்களைப் பார் விற்கிறவர்கள் மேற்கோள் காட்டினால் இரண்டு விஷயத்தை நினைவில் வையுங்கள். டைரக்டில் கொடுத்தது சூப்பும் ஷேக்கும், பார் அல்ல. இரண்டு ஆய்விலும் மாதாமாதம் ஆலோசனை சொல்ல, எடை பார்க்க, திரும்பச் சாதாரணச் சாப்பாட்டுக்குக் கொண்டுவர ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்கள் உறைக்குள் வருவதில்லை. என் அனுபவத்தில் பார் உண்மையிலேயே உதவுவது ஒரு வகைக்காரருக்கு: தினமும் ஒரு வேளை பஜ்ஜி, பப்ஸ், பரோட்டா என்று கண்டதைச் சாப்பிடுகிறவர், அந்த ஒரு வேளையை மட்டும் பாருக்கு மாற்றினால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும். வீட்டுச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு மாற்ற என்ன இருக்கிறது?

சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் மருந்தைப் பொறுத்தது. இன்சுலின் போடுகிறவரும் கிளைமெப்பிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுக்கிறவரும் வழக்கமான டிபனை விட்டுவிட்டு மாவுச்சத்து குறைந்த பாரை மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டு பிறகு ஆரம்பியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. எப்படியிருந்தாலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டயபெட்டிக் என்று உறையில் எழுதியிருப்பதை விட உங்கள் விரல் நுனி சொல்வது சரியாக இருக்கும்.

யார் தவிர்க்க வேண்டும்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில். புரதம், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் அவர்களுக்கு அளவோடுதான் வேண்டும். கர்ப்பிணிகள் இதை ஒரு வேளைச் சாப்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது, எடை குறைக்கும் நோக்கம் அந்தச் சமயத்தில் வேண்டவே வேண்டாம். கடலை, பால், சோயா, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அலர்ஜி வரியைப் படிக்காமல் பிரிக்கக் கூடாது. சாப்பாட்டைக் கண்டு பயந்து ஒதுங்கும் மனநிலை இருந்தவர்கள், குறிப்பாக இளம்பெண்கள், எண்ணி அளந்து சாப்பிடும் இந்த முறைக்குள் போகாமல் இருப்பது நல்லது.

பலருக்குத் தெரியாத ஒன்று தைராய்டு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டு அரை மணி நேரத்தில் கால்சியமும் இரும்பும் சேர்த்த பாரைச் சாப்பிட்டால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. சோயாவும் இடைஞ்சல் செய்யும். நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். அப்படியென்றால் அவர்களுக்குக் காலை டிபனுக்கு இது தோதுப்படாது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் டிபன் பாக்ஸில் வைக்கலாமா?

தினமும் வேண்டாம். வளரும் பிள்ளைக்குப் பெரியவரின் எடைக் குறைப்புக்காகப் போட்ட கணக்கு பொருந்தாது. டூருக்குப் போகும்போதோ விளையாட்டுப் போட்டி நாளிலோ ஒன்று கொடுத்தால் தப்பில்லை.

பேசாமல் கடலை மிட்டாய் சாப்பிட்டால் என்ன?

கேட்பார்கள் என்று தெரியும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் அதிகம். எனக்கும் அதன்மேல் பாசம்தான், அதற்காகக் கணக்கை மறைக்க முடியாது.

நிலக்கடலையில் 100 கிராமுக்கு 26 கிராம் போலப் புரதம். எழுபது பங்கு கடலை, முப்பது பங்கு வெல்லப்பாகு என்று வைத்துக்கொண்டால் 60 கிராம் மிட்டாயில் புரதம் 11 கிராம் போல, கலோரி 300-ஐ ஒட்டி, சர்க்கரை 15 கிராமுக்கும் மேல். 60 கிராம் கிரானோலா பாரோடு ஒப்பிட்டால் மிட்டாய் புரதத்தில் தாராளமாக ஜெயிக்கும், விலையிலும் ஜெயிக்கும். தரமான புரோட்டீன் பாரோடு ஒப்பிட்டால் புரதத்தில் தோற்கும், சர்க்கரையிலும் தோற்கும். வெல்லமும் சர்க்கரைதான், அதில் இருக்கும் இரும்பை நம்பி கிலோ கணக்கில் சாப்பிட முடியாது. சர்க்கரை நோய் இல்லாத, உடம்பு அசைந்து வேலை செய்கிறவர் மாலையில் ஒன்றிரண்டு துண்டு சாப்பிட இதை விட நல்ல பண்டம் கிடையாது. சாப்பாட்டுக்கு மாற்று என்றால் இதுவும் இல்லை.

இனிப்பே வேண்டாம் என்றால் ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலையும் ஒரு டம்ளர் பாலும் இருக்கிறது. பையில் போட்டால் ஒழுகாது என்பது பாரின் பக்கம் உள்ள நியாயம், பால் விஷயத்தில் அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடலாம்?

ஒன்று. அதுவும் தினமும் தேவையில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், உடற்கட்டுக்காகப் புரோட்டீன் சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றன. அது முக்கியமாகப் பவுடர்களைப் பற்றியது என்றாலும், இரண்டு பார், ஒரு ஸ்கூப் பவுடர், மேலே ஒரு மல்டிவைட்டமின் என்று அடுக்குகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

சைவமா, அசைவமா?

பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். வே பாலிலிருந்து வருவது, சைவமாகவே கணக்கு, ஆனால் பால் பொருளே வேண்டாம் என்கிற வீகன்களுக்கு ஆகாது. முட்டை வெள்ளைக்கருவோ ஜெலட்டினோ இருந்தால் பச்சைப் புள்ளி வராது.

வாங்கி வைத்த பார் கல் மாதிரி ஆகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. நாளாக ஆகப் புரதம் பக்கத்தில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சர்க்கரையோடு வினைபுரிந்து கெட்டியாகவும் கொஞ்சம் பழுப்பாகவும் ஆகும். வெக்கையில் இது வேகமாக நடக்கும். தேதிக்குள் இருந்தால், சிக்கு வாடை அடிக்கவில்லை என்றால் சாப்பிடலாம், பல் பத்திரம். மே மாதத்தில் காருக்குள் வைக்காதீர்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும், உறையைப் பிரித்தால் கையெல்லாம் சாக்லேட்தான். உருகாமல் கம்பீரமாக நிற்கும் பாரின் மேல்பூச்சு பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக் கொட்டை எண்ணெயில் செய்த மலிவுப் பூச்சு. அதில் நிறைகொழுப்பு அதிகம்.

கொடுக்கிற காசுக்குத் தகுமா?

20 கிராம் புரதமுள்ள பார் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராமுக்கு 5 ரூபாய். ஏழு ரூபாய் முட்டையில் 6 கிராம், ஒரு கிராமுக்கு ஒரு ரூபாய் இருபது காசுக்குள். மாதம் இருபது நாள் பார் என்றால் 2,000 ரூபாய் ஆகிறது. பஸ்ஸில், விமானத்தில், சாப்பிட எதுவுமே கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொள்ளும் நாளுக்கு இரண்டு பார் பையில் கிடக்கட்டும், அந்த இருநூறு ரூபாய் வீண் இல்லை. அடுப்படி பக்கத்திலேயே இருக்கும் நாளில் இரண்டு முட்டையை வேகப்போடுங்கள்.